புதுக் கேமரா கையில் வந்தபின்: படம் எடுக்கும் பழக்கங்களை வளர்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

முதல் கேமரா வாங்கிய பலர் முதல் மாதத்தில் செய்வது ஒன்றுதான். அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்), ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) பற்றிய யூடியூப் விளக்கங்களை வரிசையாகப் பார்ப்பார்கள். பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கும். அப்புறம் ஒருநாள் மயிலாப்பூர் மாட வீதியில் போய் நிற்பார்கள். பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மா, பக்கத்துக் கடைக்காரர் சொன்ன எதையோ கேட்டுத் தலையைத் தூக்கிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒரு விநாடிகூட நீடிக்காது. ஐஎஸ்ஓ பட்டன் எங்கே என்று விரல் தேடி முடிப்பதற்குள் அவர் மறுபடி குனிந்து நாரில் பூவை வைக்க ஆரம்பித்திருப்பார்.

படம் எடுப்பதற்குத் தேவையான விஷய ஞானம் கொஞ்சம்தான். ஒரு வாரம் உட்கார்ந்தால் படித்துவிடலாம். அது விரலுக்கு இறங்கத்தான் மாதங்கள் ஆகும். கார் ஓட்டப் பழகியவர் கியரைக் குனிந்து பார்ப்பதில்லை, அவர் கண் முழுக்கச் சாலையில் இருக்கும். கேமராவிலும் அந்த நிலைக்கு வந்த பிறகுதான் முன்னால் இருக்கும் மனிதரையும் வெளிச்சத்தையும் நம்மால் முழுதாகக் கவனிக்க முடியும். கீழே சொல்லப்போகும் பழக்கங்கள் எல்லாம் அதற்காகத்தான்.

ஏபிஎஸ்-சி சென்சார் (முழு ஃப்ரேமைவிடச் சிறியது) உள்ள சாதாரண டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமராவும், அதனோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸும் (இந்த எண்கள் குவிய நீளம், எண் கூடினால் பார்வை நெருங்கும்) வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். சில மிரர்லெஸ் கேமராக்களோடு 15-45 அல்லது 16-50 வரும், அதுவும் சரிதான். இதைத் தாண்டி இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வரும். உங்கள் ஊர்ச் சந்தையையும் கோயில் தெருவையும் அந்த இடத்தில் வைத்துப் படியுங்கள்.

1. கிளம்புவதற்கு முந்தின இரவு

பேட்டரியை சார்ஜில் போடுங்கள். கார்டில் இருந்த பழைய படங்கள் இரண்டு இடங்களில் பத்திரமாக ஏறிவிட்டன என்று உறுதிசெய்துகொண்டு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் அழிப்பதைவிட இதுதான் நல்லது, ஏனென்றால் கேமரா தனக்கு வேண்டிய ஃபோல்டர் அமைப்பைத் தானே புதிதாகப் போட்டுக்கொள்ளும். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பல வருடங்கள் கழித்துப் படங்களைத் தேடும்போது அந்தத் தேதிதான் கைகொடுக்கும்.

அடுத்தது மிக முக்கியம். கேமராவை எப்போதும் ஒரே தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து வையுங்கள். நேற்று இரவு கல்யாண மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்திருப்பீர்கள். இன்று காலை அதே எண்ணோடு வெயிலில் எடுத்தால் படம் முழுக்கத் தேவையில்லாத புள்ளிகள், சில சமயம் வெளுத்தே போய்விடும். நான் பரிந்துரைக்கும் தொடக்க நிலை இது: அபர்ச்சர் ப்ரயாரிட்டி மோட் (அபர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), எஃப் 5.6. ஆட்டோ ஐஎஸ்ஓ, அதன் உச்ச வரம்பு 3200. பெரும்பாலான கேமராக்களில் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குள் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தையும் சொல்லி வைக்கலாம். அந்த வசதி இருந்தால் 1/250 விநாடி வையுங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பது) பூஜ்யம். வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) ஆட்டோ. ஃபோகஸ் நடுவில் ஒற்றைப் புள்ளி. ஃபைல் வகை ரா (சென்சார் பதிந்த முழுத் தகவல்) மற்றும் ஜேபெக் இரண்டும்.

இந்த நிலையில் பையிலிருந்து எடுத்து உடனே அழுத்தினால் பகலில் பத்துக்கு எட்டுப் படம் சரியாகவே வரும். அதிலிருந்து தேவைக்கு ஏற்ப விலகுங்கள், வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு தெருவைக் கடந்து அடுத்த தெருவுக்குள் நுழையும்போது டயல்களை ஒருமுறை விரலால் தடவிச் சரிபார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஏசி அறையில் இரவெல்லாம் இருந்த கேமராவை விடியற்காலையில் வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்துவிடும். துடைத்தாலும் திரும்பத் திரும்பப் படரும். அதற்குள் விடியலும் முடிந்துவிடும். கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். பையைத் திறக்காமல் வைப்பது முக்கியம்.

2. பிடிக்கும் விதம்

புதியவர்களில் நிறையப் பேர் கேமராவை இரண்டு பக்கமும் பிஸ்கட் பாக்கெட் மாதிரி பிடிக்கிறார்கள். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் வரவேண்டும். எடையை அந்தக் கைதான் தாங்க வேண்டும். வலது கைக்கு டயலும் ஷட்டரும் மட்டும்தான் வேலை. முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்கட்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் நெற்றியும் சேர்ந்து மூன்றாவது தாங்கலாகிவிடும். ஷட்டரைத் தட்டக்கூடாது. பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்தபின், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே மீதியை அழுத்த வேண்டும். பக்கத்தில் சுவரோ தூணோ இருந்தால் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

கைநடுக்கம் படத்தில் தெரியாமல் இருக்க எவ்வளவு ஷட்டர் வேகம் வேண்டும்? பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. லென்ஸின் குவிய நீளத்தை ஒன்றின் கீழே போட வேண்டும். ஏபிஎஸ்-சி என்றால் அதை 1.5-ஆல் பெருக்க வேண்டும், கேனானில் 1.6. அதாவது 55 மி.மீ.யில் எடுத்தால் ஏறக்குறைய 1/80 முதல் 1/100 வரை வேண்டும். 18 மி.மீ.யில் 1/30 போதும். லென்ஸிலோ கேமராவிலோ கைநடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இதைவிட மெதுவாகவும் போகலாம்.

ஆனால் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையைத்தான் அடக்கும், எதிரில் நடப்பவரை அடக்காது. தெருவில் நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500, பரதநாட்டியத்தில் ஒரு தாவலை அப்படியே நிறுத்த அதற்கும் மேல். மேலே தொடக்க நிலையில் 1/250 சொன்னதற்குக் காரணம் இதுதான். தெருவில் யாரும் அசையாமல் நிற்பதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு, நம் ஊருக்கு முக்கியமானது. நம்முடைய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல ட்யூப்லைட்டுகளும் மலிவான எல்இடிகளும் விநாடிக்கு நூறு தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/250, 1/500 என்று போனால் ஒரு படம் மங்கலாக, அடுத்தது மஞ்சளாக, சிலவற்றில் குறுக்கே பட்டைப் பட்டையாக வரும். மண்டபத்திலும் கடைக்குள்ளேயும் இப்படி வந்தால் கேமரா பழுது என்று பயப்படாதீர்கள். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50-க்குக் கொண்டுவாருங்கள், மிரர்லெஸ் என்றால் எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

3. வீட்டுக்குள் ஒரு வாரம்

வெளியே போவதற்கு முன் ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம், வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் இவற்றைச் செய்து பழகுங்கள்: அபர்ச்சரை மாற்றுவது, ஐஎஸ்ஓவை மாற்றுவது, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டிக் குறைப்பது, ஃபோகஸ் புள்ளியை ஒரு மூலைக்கு நகர்த்தித் திரும்ப நடுவுக்குக் கொண்டுவருவது. படம் எடுக்கக்கூட வேண்டாம். டிவி ஓடும்போது சோபாவில் உட்கார்ந்து செய்யலாம்.

சலிப்பூட்டும் பயிற்சிதான். ஆனால் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஃபோகஸ் பற்றி ஒரு வார்த்தை. கேமராவே எல்லாப் புள்ளிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கும்படி விட்டால், அது பெரும்பாலும் மிக அருகில் இருப்பதையே பிடிக்கும். முகத்தைப் பார்த்து நீங்கள் அழுத்த, அது முன்னால் நீட்டியிருக்கும் கையைப் பிடித்திருக்கும். ஒற்றைப் புள்ளியை அருகிலிருக்கும் கண்ணின் மேல் வையுங்கள். புதிய மிரர்லெஸ் கேமராக்களில் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி நன்றாகவே வேலை செய்கிறது, இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். அசையாதவருக்கு ஏஎஃப்-எஸ் (பிடித்த ஃபோகஸ் அப்படியே நிற்கும்), நகர்பவருக்கு ஏஎஃப்-சி (ஃபோகஸ் அவரோடு சேர்ந்து மாறும்). கேனானில் இவற்றுக்கு ஒன் ஷாட், சர்வோ என்று பெயர்.

4. வெளிச்சத்தை முதலில் பாருங்கள்

ஓர் இடத்துக்குப் போனதும் உடனே கேமராவைத் தூக்காதீர்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதன் மேல் விழுகிறது, எங்கே நிழல் முடிகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஆட்களை அப்புறம் பார்க்கலாம். நல்ல வெளிச்சம் விழும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கே காத்திருக்கலாம், ஆட்கள் தானாக வருவார்கள். ஆளைத் துரத்திக்கொண்டு போனால் அவர் எந்த வெளிச்சத்தில் நிற்கிறாரோ அதுதான் கிடைக்கும்.

சென்னையில் சூரியன் ஜூன் தொடக்கத்தில் 5.45-க்குக் கொஞ்சம் முன்னால் எழும்பிவிடும். ஜனவரி பிற்பாதியில் 6.35 ஆகிவிடும். மெரினாவிலும் காசிமேட்டிலும் கடல் கிழக்கே இருப்பதால், கடலைப் பார்த்து நின்றால் ஆட்களும் படகுகளும் நிழலுருவமாக வரும். அதே நேரம் கடலுக்கு முதுகு காட்டித் திரும்பினால், வலை பிரிப்பவர்களின் முகத்தில் அந்த மென்மையான மஞ்சள் வெளிச்சம் நேராக விழுந்துகொண்டிருக்கும். முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் சூரியனையே எடுத்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு பக்கமும் பாருங்கள்.

கோடையில் எட்டரை மணிக்கே வெயில் கடுமையாகிவிடும். உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். அந்த நேரத்தில் நிழலுக்குள் போங்கள். திண்ணை, கடைச் சார்ப்பு, மரத்தடி, கோயில் மண்டபத்தின் ஓரம் என நிழல் கிடைக்கும் இடங்கள் நிறைய உண்டு. நிழலுக்குள்ளே ஆனால் விளிம்புக்குப் பக்கத்தில், வெளியே வெளிச்சத்தைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதைவிட நல்ல முக வெளிச்சம் கிடைப்பது கடினம். சந்தைகளில் மட்டும் மேலே பாருங்கள். நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் கீழே இருக்கும் முகங்கள் எல்லாம் நீலமாகிவிடும். அதை எடிட்டிங்கில் முழுசாகச் சரிசெய்ய முடியாது. இரண்டு கடை தள்ளிப் போய்விடுவது மேல்.

வீட்டில் பழக ஒரு பயிற்சி. பகலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். ட்யூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் முகத்தில் இரண்டு நிறம் வரும், அதனால்தான் அணைக்கச் சொல்கிறேன். அம்மாவையோ தம்பியையோ ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார வையுங்கள். முதலில் ஜன்னலை நேராகப் பார்க்கட்டும், அடுத்தது பக்கவாட்டில், கடைசியாக ஜன்னலுக்கு முதுகு காட்டட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு படம். மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே முகம், ஒரே ஜன்னல், மூன்று வேறு மனிதர்கள் போல இருக்கும். வெளிச்சத்தின் திசை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியாது.

5. வெள்ளை வேட்டியும் கருங்கல்லும்

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்கு நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்று தெரியாது. அது முன்னால் இருப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் ஃப்ரேம் முழுக்க இருந்தால் மீட்டர் படத்தை இருட்டாக்கி, வேட்டியை அழுக்காகக் காட்டும். கருங்கல் தூணோ எருமையோ ஃப்ரேமை நிறைத்தால், அதை வெளுக்க வைத்துச் சாம்பலாக்கிவிடும். புதிய மிரர்லெஸ்கள் கொஞ்சம் புத்திசாலிகள்தான், ஆனாலும் அடிப்படையில் இதே கதைதான்.

இதற்குத்தான் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயல். வெள்ளை நிறைய இருந்தால் பிளஸ் 0.7 அல்லது பிளஸ் 1. கருப்பு நிறைய இருந்தால் மைனஸ் 1. அழுத்துவதற்கு முன்பே "இதில் வெள்ளை எவ்வளவு, கருப்பு எவ்வளவு" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் எக்ஸ்போஷர் பிரச்சினைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கோலம் போடும் வெள்ளைக் கோடு, ஈரத் தரையின் கருமை, இரண்டும் கலந்த காலை நேரத் தெரு என்று மார்கழி மாதம் இதற்கு நல்ல பயிற்சிக்களம்.

ப்ளேபேக் மெனுவில் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்து வையுங்கள். முழுக்க வெளுத்துப்போன பகுதிகள் திரையில் மினுமினுக்கும். சூரியனோ விளக்கோ மினுங்கினால் பரவாயில்லை. நெற்றியோ வேட்டியோ மினுங்கினால் ஒரு படி குறைத்து மறுபடி எடுங்கள். ரா ஃபைலில் இருட்டிலிருந்து நிறைய மீட்டெடுக்கலாம். ஒரேயடியாக வெளுத்த இடத்தில் மீட்க எதுவும் இருக்காது. திரையின் பிரகாசத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத் தெரியும், இரவில் எல்லாம் பளிச்சென்று தெரியும். ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், இரண்டிலும் உண்மையைச் சொல்லும்.

இந்தச் சரிபார்ப்பு முடிந்ததும் திரையை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு க்ளிக்குக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் பார்க்காத அந்த இரண்டு விநாடியில்தான் எதிரில் ஏதாவது நடக்கும். அங்கேயே உட்கார்ந்து படங்களை அழிப்பதும் வேண்டாம். சின்னத் திரையில் மோசமாகத் தெரிந்த படம் வீட்டில் பெரிதாகப் பார்க்கும்போது நன்றாக இருக்கலாம். அவசரத்தில் விரல் தவறினால் நல்ல படமும் போய்விடும். அப்படிப் போய்விட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எடுக்காமல் கழற்றி வையுங்கள். மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை ரிகவரி மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

6. நான்கு மூலைகள்

புதியவரின் கண் ஆளின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் நிற்கும் மின்கம்பம் அவர் தலையிலிருந்து முளைத்திருப்பது வீட்டுக்கு வந்தபின்தான் தெரியும். அழுத்துவதற்கு முன் கண்ணை ஃப்ரேமின் நான்கு மூலைகளுக்கும் ஒரு சுற்று ஓட்டுங்கள். பாதி வெட்டப்பட்ட கால், ஓரத்தில் நுழைந்த பைக்கின் டயர், தலைக்குப் பின்னால் கேபிள் வயர் என்று ஏதாவது கிடைக்கும். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் ஓர் அடி நகர்ந்தால் போதும், இல்லை கொஞ்சம் குனிந்தால் போதும். தொடக்கத்தில் இதற்கு மூன்று விநாடி ஆகும். பழகப் பழக நேரமே ஆகாது.

ஜூமை ஒரு மாதம் கட்டிப்போடுங்கள். 35 மி.மீ.யில் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடலாம். ஏபிஎஸ்-சியில் இது முழு ஃப்ரேம் (ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவின் 50 மி.மீ. பார்வைக்குப் பக்கத்தில் வரும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸான் தன் லைக்கா கேமராவில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே வைத்திருந்தார். 1948 ஜனவரியில் காந்தியை அவர் கொலையாவதற்குச் சற்று முன் சந்தித்துப் படமெடுத்தவர் அவர்தான். ஒரே நீளத்தில் தொடர்ந்து எடுத்தால், கேமராவைத் தூக்காமலேயே எது ஃப்ரேமுக்குள் வரும், எது வராது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். நெருக்கமாக வேண்டுமென்றால் நடந்து போக வேண்டும். அந்த நடையில்தான் பின்னணி மாறுவதைக் கவனிப்பீர்கள், ஜூமைத் திருகினால் அது நடக்காது. உட்கார்ந்திருப்பவரை நின்றபடியே மேலிருந்து எடுக்காதீர்கள், நீங்களும் உட்காருங்கள். குழந்தைகளை அவர்கள் கண் உயரத்தில் எடுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு விதி முதலான காம்போசிஷன் விதிகள் எங்கும் கிடைக்கும், படித்து வைத்துக்கொள்ளுங்கள். மூலைகளைப் பார்க்கும் பழக்கம் அவற்றைவிட அதிகம் உதவும் என்பது என் கருத்து.

7. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் வாரம் ஓர் ஊர் போக ஆசைப்படுவார்கள். புது இடத்தில் எல்லாமே கவர்ச்சியாகத் தெரியும், அதனால் நம் படம் நன்றாக இருக்கிறதா, இடம் நன்றாக இருக்கிறதா என்று நமக்கே தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் அங்கேயே போய்வாருங்கள்.

மயிலாப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காலையில் கோலம். தைப் பொங்கலுக்கு முன் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து குவியும். பங்குனியில் கபாலீசுவரர் கோயில் தேரும் அறுபத்துமூவரும், அப்போது மாட வீதிகளில் நிற்கவே இடம் இருக்காது. நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள். நடுவில் எந்த விசேஷமும் இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமைகள், அவைதான் நிறையக் கற்றுக்கொடுக்கும். நான்காவது தடவை போகும்போது குளத்தின் எந்தப் படிக்கட்டில் எத்தனை மணிக்கு வெயில் விழும் என்று தெரிந்திருக்கும். பூக்கடைக்காரருக்கு உங்கள் முகம் பழகியிருக்கும், கேமராவைத் தூக்கினால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

எண்ணிக்கையையும் கட்டுப்படுத்திப் பாருங்கள். ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம்தான். ஒரு காலைக்கு 36 என்று உங்களுக்கு நீங்களே வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் திருச்சியையும் எடுத்தார். மெழுகு தடவிய பெரிய காகித நெகட்டிவ்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போன காலம் அது. ஒவ்வொரு படத்துக்கும் எங்கே நிற்பது, எப்போது வெயில் சரியாக விழும் என்று யோசிக்காமல் அவரால் ஒன்றுகூட எடுத்திருக்க முடியாது. அந்தப் படங்களில் உள்ள நிதானம் இன்றும் தெரிகிறது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது சுமார் 2,500 ரோல்கள் எடுத்தபடியே கழுவப்படாமல் கிடந்தன. அவர் மகத்தான கலைஞர், எண்ணிக்கை அவருடைய வழி. கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கு, எடுத்ததைத் திரும்பிப் பார்ப்பதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது. பார்க்க நேரமில்லாத அளவுக்கு எடுத்தால் அது போய்விடுகிறது.

8. ஆட்களை எடுக்கும்போது

கேளுங்கள். "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" அவ்வளவுதான். கேட்டதும் அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிற்பார், அதையும் எடுங்கள். எடுத்துவிட்டு நகராமல் பேச்சுக் கொடுத்தால், இரண்டு நிமிடத்தில் அவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். நீங்கள் விரும்பிய படம் அப்போது கிடைக்கும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்காமல் வேண்டாம். எடுத்ததை அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். அனுப்புகிறேன் என்று சொன்னால் கட்டாயம் அனுப்புங்கள். அடுத்த வாரமும் அதே தெருவுக்கு நீங்கள் போகவேண்டியிருக்கிறது, உங்களுக்குப் பின்னால் வேறு யாராவதும் கேமராவோடு வருவார்கள்.

கோயில்களில் கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேமரா விதி கோயிலுக்குக் கோயில் மாறும், உள்ளே போகுமுன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் முதலான தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும்.

9. வீடு திரும்பியதும்

அன்று இரவே படங்களைக் கம்ப்யூட்டருக்கும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்குக்கும் ஏற்றிவிடுங்கள். இரண்டிலும் திறந்து பார்த்து உறுதிசெய்யும்வரை கார்டைத் தொடாதீர்கள். ஃபோல்டருக்குப் பெயர் தேதியில் தொடங்கட்டும்: 2025-01-12 மயிலாப்பூர். வருடம் முதலில் வந்தால் எல்லாம் தானாக வரிசையாக நிற்கும்.

தேர்வை மட்டும் அன்றே செய்யாதீர்கள். எடுத்த அன்று, கஷ்டப்பட்டுக் கிடைத்த படம் நல்ல படமாகத் தெரியும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கஷ்டம் மறந்திருக்கும், படம் மட்டும் இருக்கும். 36-இல் இரண்டு தேறினால் நல்ல காலை.

தேறாத படங்களோடு கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். மங்கலாக வந்த படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுக்க, சுவர் உட்பட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் அவருக்குப் போதவில்லை. ஆளுக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி "ப்ளர்"தான், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குப் பிடிக்கும் விதம், இரண்டாவதற்கு ஷட்டர் டயல், மூன்றாவதற்கு ஃபோகஸ் புள்ளி. ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு முறையும் எது அதிகம் வந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதை ஒன்றை மட்டும் சரிசெய்யக் கிளம்புங்கள்.

கேமராவை வைக்கும் இடமும் இந்த வேலையில் சேர்த்திதான். கடற்கரைக்குப் போய்வந்தால் லேசாக ஈரமாக்கிய துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள், உப்பு தங்கக் கூடாது. மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பீரோவுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், மழைக்காலத்தில் சீக்கிரமே. காற்றுப் புகாத ப்ளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர் போதும். ஈரப்பதம் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடுபடுத்தி உலர்த்தித் திரும்பப் போடலாம். வாராவாரம் எடுத்துப் பயன்படுத்தும் லென்ஸில் பூஞ்சை அவ்வளவாக வருவதில்லை.

10. அடுத்த லென்ஸ்

ஆறு மாதம் ஆனதும் கை அரிக்க ஆரம்பிக்கும். என்ன வாங்கலாம் என்று யாரையும் கேட்க வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்த படங்களையே கேளுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் குவிய நீளம், அபர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் பதிவாகியிருக்கும். டேப்பைப் பிரித்து ஜூமை விடுவித்த பிறகு எடுத்தவற்றை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள். பாதிக்கு மேல் 55-இல் முட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு 55-250 அல்லது 70-300 தேவைப்படலாம். 18-லேயே நின்று இன்னும் பின்னால் போக இடமில்லாமல் தவித்திருந்தால் அகலமான லென்ஸ். நல்ல படங்கள் மாலையிலும் வீட்டுக்குள்ளும் எடுத்தவையாக இருந்து, ஐஎஸ்ஓ எப்போதும் 3200 வரம்பைத் தொட்டிருந்தால் 50 மி.மீ. எஃப் 1.8. எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது, கிட் லென்ஸின் எஃப் 5.6-ஐவிட மூன்று படிக்கு மேல் (ஒரு படி என்றால் இரண்டு மடங்கு) வெளிச்சம் கூடுதலாக வாங்கும், அதாவது ஐஎஸ்ஓ 3200 வேண்டிய இடத்தில் 400 போதும். பெரிய கம்பெனிகளின் லென்ஸ் வரிசைகளில் விலை குறைந்தவற்றில் இதுவும் ஒன்று.

எண்கள் 18-க்கும் 55-க்கும் நடுவில் பரவலாகக் கிடந்தால், இன்னும் ஆறு மாதம் இதே லென்ஸோடு இருங்கள். அந்தப் பணத்தில் பஸ் டிக்கெட் எடுக்கலாம், தேறிய படங்களைப் பன்னிரண்டுக்கு எட்டு அளவில் ப்ரிண்ட் போடலாம்.